சிணுங்கும் நாய்க்கு யார் ஆசான்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் இரவில் ஆட்டுக்கிடைப் பக்கம் போய்ப் பாருங்கள். சருகு அசைந்தாலே காவல் நாய் எழுந்து குரைக்கும். அது குறை அன்று, அதன் வேலை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள 7-ஆம் நூற்றாண்டு நடுகல், கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது.

ஊருக்குள் வீட்டோடு வளரும் சின்ன நாய்க்கு அந்த வேலை இல்லை. ஆள் வந்தால் துள்ளும், ஓயாமல் சிணுங்கும். சிணுங்கல் என்பது குட்டி தன் தாயை அழைக்கும் குரல். வளர்ந்த பின்னும் அதை நீடிக்கச் செய்வது பெரும்பாலும் நாம்தான்.

எப்படி? அமெரிக்க அறிஞர் தார்ன்டைக் பூனைகளையும் நாய்களையும் கூண்டில் அடைத்து ஆராய்ந்து, 1898-இல் முடிவுகளை வெளியிட்டார். பயன் தந்த செயலையே விலங்கு மீண்டும் செய்கிறது என்பது அவர் கண்ட உண்மை. ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் நாய்கள், உணவுக்கு முன் எழும் ஒலியைக் கேட்டதுமே உமிழ்நீர் சுரக்கப் பழகின. உணவின்றி ஒலியை மட்டும் எழுப்பி வந்தபோது, அச்சுரப்பு படிப்படியாகக் குறைந்தது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். சிணுங்கியதும் தூக்கிக் கொஞ்சினால், அது சிணுங்கலுக்குக் கொடுத்த கூலி. முதலில் பசி, தாகம், வெக்கை, நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு, அது சாக்கில் சும்மா படுத்திருக்கும்போது சிறிது தீனி கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தை நாளுக்கு நாள் நீட்டுங்கள். தொடக்கத்தில் சிணுங்கல் கூடும். அப்போது இரங்கிக் கொடுத்தால், இன்னும் உரக்கச் சிணுங்கவே அது கற்றுக்கொள்ளும். அடிக்காதீர்கள். அடியால் அச்சம்தான் வளரும். அஞ்சிய நாய் அமைதியாகப் படுக்காது.