வில்லும் சட்டமும்: மோட்டார் வண்டி நிலைபெற்ற வரலாறு



மோட்டார் வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் உடனே திரும்பாமல் சற்றுத் தயங்குகிறது. இதற்கு என்ன மருந்து? ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் போதும் என்பதே பலரும் சொல்லும் விடை. பட்டை ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைச் சேர்ப்போர் உண்டு. சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்து வண்டியைத் தாழ்த்தும் இளைஞரும் உண்டு. மோட்டார் வண்டியின் வரலாறோ வேறு விடை சொல்கிறது.

தொடக்க கால மோட்டார் வண்டி, குதிரை வண்டியின் பிள்ளை. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கச் சில குறுக்குச் சட்டங்கள். பார்ப்பதற்கு ஏணி போல் இருக்கும். மேலே பலகையால் செய்த உடல், கீழே பட்டை ஸ்பிரிங்கும் அச்சும். ஏணி பாரம் தாங்கும், ஐயமில்லை. ஆனால் அதன் ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இன்னொருவர் முறுக்கிப் பார்த்தால் அதன் பலவீனம் தெரிந்துவிடும்.

சட்டம் முறுகினால் என்ன கெடுதி? முன் இடச் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது. ஸ்பிரிங் மட்டும் அசைய வேண்டிய இடத்தில் சட்டமும் சேர்ந்து முறுகுகிறது. சக்கரம் நிற்க வேண்டிய கோணம் மாறுகிறது. சட்டமே இன்னொரு ஸ்பிரிங்காகி விடுகிறது. அந்த ஆட்டத்தை அடக்க அப்சார்பரும் கிடையாது. அளவுக்கு மீறி வளையும் காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால் ஒரு பக்கம் போகும், வாளி வேறு பக்கம் ஆடும்.

இதற்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த வின்சென்சோ லான்சியா. ஏணிச் சட்டமே வேண்டாம், கப்பலின் உடலைப் போல வண்டியின் உடலே பாரத்தைச் சுமக்கட்டும் என்று அவர் கருதினார். 1922-ல் பாரிஸ், லண்டன் கண்காட்சிகளில் அவருடைய லாம்டா வண்டியை மக்கள் கண்டனர். அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளை இணைத்துச் செய்த கூடு அது. முன்சக்கரங்கள் இரண்டும் ஓர் அச்சில் பிணைக்கப்படாமல் தனித்தனியே ஏறி இறங்கின. இந்த இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்ததுதான் கவனிக்கத்தக்கது. உறுதியான கூடு இருந்தால்தான் தனித்தனிச் சக்கரங்கள் ஒழுங்காக வேலை செய்யும்.

தகட்டுக்கு ஏது அத்தனை வலிமை என்று கேட்கலாம். வகுப்பில் நாங்கள் இதற்குச் சப்பாத்துப் பெட்டியைக் காட்டுவதுண்டு. மூடியில்லாத அட்டைப் பெட்டியை இரு முனைகளிலும் பிடித்து முறுக்கினால் எளிதில் நெளியும். மூடியைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டியபின் முறுக்கிப் பார்த்தால், அதே அட்டை அசைய மறுக்கும். வலிமை அட்டையின் கனத்தில் இல்லை, பெட்டியாக மூடப்பட்டதில் இருக்கிறது. வீட்டிலும் செய்து பார்க்கலாம், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

அடுத்து அமெரிக்கா. ரோல்ஸ் ராய்ஸில் பணிபுரிந்த ஆங்கிலேயர் மோரிஸ் ஆலி, 1930-ல் கேடிலாக் நிறுவனத்தில் சேர்ந்தார். முன்னும் பின்னும் எடைக் கட்டிகளை நகர்த்தி வைக்கக்கூடிய சோதனை வண்டி ஒன்றை அமைத்து, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அக்காலத்தில் முன் ஸ்பிரிங்குகள் மிகக் கெட்டியாக இருந்தன. அவற்றைப் பின் ஸ்பிரிங்குகளைவிட மென்மையாக்கினால் வண்டி தொட்டில் போல் ஆடாமல் சமமாகச் செல்லும் என்று அவர் கண்டார். ஆனால் ஒற்றை அச்சோடு முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் சக்கரங்கள் உதறின. எனவே 1934-ஆம் ஆண்டு மாடல்களில் முன்சக்கரங்கள் தனித்தனியே தொங்கவிடப்பட்டன.

1948-ல் பிரிட்டனில் வெளிவந்த இரண்டு வண்டிகள் நம் மலாயாவுக்கும் வந்தன. தோட்டத்துத் துரைமாரை ஏற்றிச் சென்ற லேண்ட் ரோவருக்கு ஏணிச் சட்டமே இருந்தது. ஆனால் தட்டையான எஃகுப் பட்டைகளை நான்கு பக்கமும் ஒட்டவைத்து, பெட்டி வடிவில் செய்த சட்டம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனருக்குத் தனிச் சட்டமே இல்லை. உடலும் சட்டமும் ஒன்றே. நம் சாலைகளில் அந்தச் சிறு வண்டி நெடுங்காலம் ஓடியதை மூத்தவர்கள் அறிவார்கள்.

இந்தக் கருத்தை உச்சிக்குக் கொண்டுசென்றவர் லண்டனில் கட்டுமானப் பொறியியல் பயின்ற காலின் சாப்மன். அதுவரை பந்தய வண்டிகள் மெல்லிய குழாய்களை ஒட்டவைத்த கூண்டுகளாக இருந்தன. 1962 மே மாதம் ஹாலந்தின் சாண்ட்வோர்ட் பந்தயத்தில் அவருடைய லோட்டஸ் 25 களமிறங்கியது. இரு பக்கமும் அலுமினியத் தகட்டுப் பெட்டிகள், அவற்றுக்குள் எண்ணெய்ப் பைகள், நடுவில் ஓட்டுநர். முந்திய குழாய்க் கூண்டு வண்டியைவிட இதன் கூடு மூன்று மடங்கு விறைப்பு. எடையோ ஏறத்தாழப் பாதி! கூடு முறுகாததால் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கத் தேவையில்லை. மென்மையான ஸ்பிரிங்குகளோடு சக்கரம் தரையை விடாமல் பற்றியது. 1963-ல் நடந்த பத்துப் பந்தயங்களில் ஏழில் வென்று ஜிம் கிளார்க் உலக வெற்றியாளரானார். எடையைக் குறைப்பதில் சாப்மன் சில வேளைகளில் அளவு மீறினார் என்ற குறை உண்டு. அது நியாயமான குறையே.

அப்படியானால் வளைவில் வரும் சாய்வை எப்படித் தடுப்பது? இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று பல கார்களின் அடியில் இருக்கிறது. இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் அது சும்மா சுழலும். ஒன்று மட்டும் ஏறினால் முறுகி எதிர்க்கும். சாய்வு குறையும், இரு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டில் ஸ்பிரிங்கின் மென்மை கெடாது.

சுருளை வெட்டும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. மிஞ்சிய ஸ்பிரிங் கெட்டியாகிறது, அசைய இடமும் குறைகிறது. கரடுமுரடான பாதையில் சக்கரம் துள்ளித் தரையை விடுகிறது. தரையைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. பின் இருக்கையில் மனைவி மக்கள் இருப்பார்கள். வளைவில் தயங்கும் பழைய வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியவை தேய்ந்த ரப்பர் புஷ்கள், எண்ணெய் கசியும் அப்சார்பர், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில் பிடித்த துரு. மழை அதிகமான நம் நாட்டில் அந்தத் துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே சாயம் பளபளப்பாகத்தான் இருக்கும்.