பாரிஸ் தச்சரின் பெட்டி

தென்மாவட்ட நாடக மேடைகளில் கால்பெட்டி என்று வழங்கும் ஆர்மோனியம் பிரான்சில் பிறந்த கருவி. அதை உருவாக்கிய அலெக்சாந்தர் தெபேன் (1809–1877) தச்சு வேலை பழகியவர். பியானோப் பட்டறைகளில் கைதேர்ந்து, 1834இல் பாரிஸில் சொந்தப் பட்டறை தொடங்கினார். 1842இல் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பெயரும் அவருக்கே உரிமையானதால், மற்றப் பட்டறைக்காரர்கள் அதே கருவியை வேறு பெயரில் விற்க வேண்டியதாயிற்று.

பெட்டிக்கு உயிர் பித்தளை நாக்குகள்தாம். நாக்கின் அடி தகட்டில் இறுகியிருக்கும். நுனி மட்டும் துளையில் ஆடும். மிதியை மிதித்தால் துருத்தியில் காற்று ஓடும். கட்டையை அழுத்தியதும் அடைப்பு திறந்து நாக்கு அதிரும். சுருதி விலகினால் பழுது பார்ப்பவர் நாக்கின் நுனியை மெல்லச் சுரண்டுவார், சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் இறங்கும். ஒருமுறை சரிசெய்தால் நெடுநாள் தாங்கும். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தியாவில் இதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும் கைப்பெட்டியாக்கிய பெருமை, கொல்கத்தாவில் துவார்க்கின் நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷுக்குத் தரப்படுகிறது. நாடக மேடையோ காலால் மிதிக்கும் பழைய பெட்டியை விடவில்லை. இரு கையும் ஓய்வாக இருந்தால்தான் நடிகர் பாடப் பாட விட்ட இடத்தைப் பிடித்து நிரப்ப முடியும். ஆர்மோனியக்காரரே பின்பாட்டும் பாடுவார்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டும். நடிகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள், பெட்டி அதற்கு ஈடுகொடுத்தது. பாடகரின் சுருதியை ‘நாலு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று சொல்வதும் இந்தப் பெட்டியின் கட்டைகளை எண்ணித்தான். நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவுக்குப் பெட்டி வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர்.

சிவகாசியில் 1886இல் பிறந்த விஸ்வநாததாஸ் வளர்ந்தது இந்த மேடையில்தான். முருகன் வேடத்தோடு விடுதலைப் பாட்டு பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது.

அதே ஆண்டு மார்ச் மாதம் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்திருந்தது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இதில் பேசாது என்பது குற்றச்சாட்டு. ராக ஆலாபனைக்கு அது நியாயமான குறைதான். விடிய விடியப் பாடும் நடிகனுக்கு வேண்டியதோ அசையாத சுருதி. அதைப் பெட்டி தவறாமல் கொடுத்தது. தடை தளர 1971 வரை ஆயிற்று. வானொலி ஒதுக்கிய அந்த ஆண்டுகளிலும் விருதுநகர் வட்டாரக் கோயில் கொடைகளில் வள்ளி திருமணத்துக்கு ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.