தோட்டா நிரப்பும் கருவிகள்: ஒரு வரலாறு

சுட்டு முடிந்த தோட்டாவில் அழிவது எது, எஞ்சுவது எது என்பதை அறிந்தாலன்றி, அதை மீண்டும் நிரப்பும் கருவிகளின் வரலாறு விளங்காது. குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, தீப்பொறி தரும் பிரைமர் என்னும் சிறு கிண்ணமும் பயனற்றுப் போகிறது. எஞ்சுவது பித்தளைக் கூடு. விலை மிகுந்த உறுப்பும் அதுவே. 1857-இல் இந்தியச் சிப்பாய்களிடையே கலகம் மூளக் காரணமான காகிதத் தோட்டாவில் இவ்வாறு எஞ்சுவது ஒன்றுமில்லை.

1866-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருவகைப் பிரைமர்கள் தோன்றின. அமெரிக்கரான பெர்டான் அமைத்த முறையில் கூட்டின் அடியில் இரு நுண் துளைகள். ஆங்கிலேயரான பாக்ஸர் அமைத்த முறையில் நடுவே ஒரே துளை. ஒரு துளையாயின் உள்ளிருந்து ஊசியை விட்டுப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். விந்தை என்னவெனில், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைத்தன! தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1870-களில் எருமை வேட்டைக்காரர்கள் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வண்டியில் ஏற்றிச் சென்று, சமவெளியில் தங்கிய இடத்திலேயே தோட்டா செய்துகொண்டனர். அவர்களுக்குத் தராசு தேவைப்படவில்லை. கரிமருந்தைக் கூடு கொண்ட மட்டும் இட்டாலும் பெருந்தீங்கில்லை.

1884-இல் ஜான் பார்லோ என்பார் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் ஐடியல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கருவி நம் பாட்டிமாரின் பாக்குவெட்டியைப் போன்றது. இரு கைப்பிடிகளை அழுத்தினால் பிரைமர் ஏறும், குண்டு பொருந்தும். சில வகைகளில் ஈயம் வார்க்கும் அச்சும் நுனியிலேயே இருந்தது. எளியவன் சட்டைப்பையில் அடங்கிய தொழிற்சாலை அது.

அதே 1884-இல் பிரான்சில் போல் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டார். சிறு அளவில் பேராற்றல் கொண்டது அம்மருந்து. கரிமருந்தைப்போல் கூடு நிறைய இதனை இட்டால் துப்பாக்கி வெடித்துக் கண்ணும் கையும் போகக்கூடும். ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கான கிரெயின் என்னும் நிறையளவு, வேட்டைக்காரன் மேசையில் இதன் பின்னர் மேலும் இன்றியமையாததாயிற்று.

ஐடியல் கருவிகளை 1925-இல் லைமன் நிறுவனம் வாங்கிற்று. 1943-இல், போர்க்காலத் தட்டுப்பாட்டிடையே, கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் பிரெட் ஹன்டிங்டன் தம் தந்தையின் சலவைக்கூடத்துப் பின்னறையில் குண்டு செய்யும் அச்சுகளை அமைத்தார். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் பிறப்பு அதுவே. 1958-இல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ, சுத்தியலால் தட்டியே வேலை முடிக்கும் மலிவான கருவியைத் தந்தார். பலருக்கு அதுவே முதற்கருவி.

பின்னர் நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முழுமையாக வந்து விழும் பொறிகளும் பெருகின. வேகம் மெய்தான். ஆயினும் ஒரே கூட்டில் மருந்து இருமுறை விழுந்தால் பழகாத கண் அதைக் காணாது. ஒரு வேளைக்கு ஒரு வேலையே செய்யும் அழுத்துபொறியைத் தேர்ந்த புதியவன், ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்க்க இயலும். அவன் பொறியில் சிக்கனம் செய்யலாம். தராசிலும் கையேட்டிலும் செய்யலாகாது. பார்லோவின் நாளில் தொடங்கிய கையேட்டு மரபு, லைமன் பெயரில் 2016-இல் ஐம்பதாம் பதிப்பைக் கண்டது.