பெட்டியில் தூங்கிய புஸ்தகம்

எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கையெழுத்துப் பிரதி திரும்பி வருவதைப்போல் வேதனை வேறில்லை. என் முதல் நாவல் ஒரு பத்திரிகாலயத்திலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிற்பாடு சீகன்பால்குவின் சரித்திரத்தைப் படித்தேன். என் துக்கத்தை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஜெர்மானியர், அனுப்பியவரோ டென்மார்க் அரசர். அவருடைய படிப்பின் வேர் ஜெர்மனியில் ஹாலே என்னும் ஊரில் இருந்தது. அந்தப் படிப்பைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லூதரின் சபையில் அக்காலத்துச் சமய சாஸ்திரம் பெரும்பாலும் வாதமாகப் போய்விட்டது. எந்தக் கோட்பாடு சரி, எது பிழை என்று பண்டிதர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். 1675-இல் ஸ்பெனர் என்ற போதகர் ஒரு சிறு நூல் எழுதி, சாதாரண ஜனங்களும் வேதத்தைக் கூடிப் படிக்க வேண்டும், போதகராகப் போகிறவனுக்குப் பாண்டித்தியத்தோடு பக்தியும் நடத்தையும் வேண்டும் என்றார். அவர் வழியில் வந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, லைப்சிக் நகரில் 1686-இல் நண்பர்களைச் சேர்த்து, எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் வேதத்தை மூலத்திலேயே வாசிக்கத் தொடங்கினார். பிறகு ஹாலேக்கு வந்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அநாதை விடுதியும் வைத்தார். அங்கே 1694-இல் தொடங்கிய சர்வகலாசாலையில் ஆசிரியராகவும் இருந்தார். வியாக்கியானத்தை நம்பி நின்றுவிடாதே, மூலத்தை அதன் பாஷையிலேயே படி என்பது அவர் மாணவர்களுக்குக் கற்பித்த முதல் பாடம்.

அந்தப் பாடத்தைச் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கடைப்பிடித்தார். பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏட்டுச் சுவடிகளைப் பற்றி அட்டவணை எழுதிவிட்டார். டேனிஷ் அதிகாரியோடு ஏற்பட்ட தகராறில் நாலு மாதம் சிறையில் இருந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது.

1713-இல் அவர் இன்னொரு புஸ்தகமும் எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி அது. பராபர வஸ்துவில் தொடங்கி, மும்மூர்த்திகளைச் சொல்லி, ஐயனார், மாரியம்மன், பிடாரி முதலிய கிராம தேவதைகள்வரை வருகிறது. ஜனங்கள் சொன்னதையும் ஏடுகள் சொன்னதையும் கேட்டுக் கேட்டு எழுதியது. நம் மதம் பிழை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் பிழை என்று சொல்லுமுன் அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார்.

பிரதி கடல் கடந்து ஹாலேக்குப் போயிற்று. அங்கே அச்சேறவில்லை. மிஷனரிகளை அனுப்பியது இந்தியாவில் விக்கிரக மதத்தை ஒழிக்கத்தான், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று பிராங்கே கருதியதாகச் சொல்வார்கள். அவரை வில்லனாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அநாதைப் பிள்ளைகளின் அன்னம் தர்மவான்களின் காசில் நடந்தது. தாம் கொடுத்த பணத்தில் பிடாரியின் கதை அச்சாகிறது என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள்? ஆயினும் மூலத்தைப் படி என்று கற்பித்தவர்களே, மாணவன் மூலத்தைப் படித்து எழுதி அனுப்பியபோது அதைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தங்கள் வேதத்துக்கு வகுத்த நியாயத்தை அயலான் ஏட்டுக்குக் கொடுக்க அவர்களுக்குத் துணிவில்லை.

சீகன்பால்கு 1719-இல் முப்பத்தாறு வயதில் தரங்கம்பாடியில் காலமானார். அவர் கட்டிய புதிய எருசலேம் கோவிலிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தப் புஸ்தகம் அவர் பெயரோடு வெளிவந்தது 1867-இல். அதுவும் ஹாலேயில் அல்ல, நம் சென்னையில். பதிப்பித்தவரும் ஒரு லூதரன் மிஷனரியே. எழுதியதற்கும் அச்சேறியதற்கும் நடுவே நூற்றைம்பத்து நாலு வருஷம்.

இன்று அக்காலத்துத் தஞ்சைச் சீமையின் கிராம தேவதைகளைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் அந்த நூலைத்தான் தேடுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஹாலேக்காரர்கள் பிரதியை அச்சிடவில்லையே தவிர, அடுப்பில் போடவில்லை. திரும்பி வந்த என் நாவலை நான் அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.