தேக்குத் தூண்கள் வந்த வழி

செட்டிநாடு என்றதும் பலருக்கு நாக்கில் எச்சில் ஊறும். மிளகுக் கோழி அப்படி! ஆனால் புதுக்கோட்டையிலிருந்து காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிச் சாலையில் கிளம்பினால், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கண்ணுக்குத் தீனி கிடைத்துவிடும்.

முதலில் வருவது திருமயம். 1687ல் சேதுபதி கட்டிய கோட்டை. அதே பாறையில் அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய குடைவரைகள் இருக்கின்றன. சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று. இங்கே அதிகம் நின்றால் பொழுது போய்விடும், எனவே மேலே செல்வோம்.

அடுத்து கானாடுகாத்தான். ஒரு சின்ன ஊரில் இத்தனை பெரிய வீடுகள் எதற்கு என்று யாரும் திகைத்துத்தான் போவார்கள். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில்! திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுக்களை என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்தார்கள். பளிங்கு இத்தாலியிலிருந்து, தேக்கு பர்மாவிலிருந்து. முகப்பின் மேலே கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள், சில வீடுகளில் பக்கத்திலேயே துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மையும் நிற்கும். (நல்ல காவல்தான்!)

பணம் எங்கிருந்து வந்தது? 1852ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அந்த நெல்லுக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காட்டைத் திருத்தி நெல் போட பர்மிய விவசாயிக்கு முதல் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அவனிடம் நேரில் போகவில்லை, நகரத்தார் போனார்கள். நிலத்தை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுத்தார்கள். 1930ல் உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம் 1938ல் 25 சதவீதம் ஆனது. நிலத்தை இழந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை இந்த வீடுகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

வந்ததும் நிலைக்கவில்லை. 1942ல் ஜப்பான் படை புகுந்தது. இந்தியர் பலர் மலைக்காடு வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள், வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். 1948ல் சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. வீடு கட்டுவது நின்றது.

பிறகு பங்கு பிரச்சனை. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்ற கணக்கில் எழுந்த வீடு அது. மூன்று தலைமுறை போனால் பங்காளிகள் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும்? ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றக் கூட எல்லோரும் கூடிப் பேச வேண்டும். விற்றுவிடலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் அடுத்த மாதமே தூண், நிலை, கதவு, உத்தரம் தனித்தனியாகக் கழன்றுவிடும். சில வீடுகள் விடுதியாகிப் பிழைத்திருக்கின்றன. 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. பட்டியல் கூரைக்கு ஓடு போடாது அல்லவா!

ஆத்தங்குடியில் மனசு கொஞ்சம் தேறும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. உள்ளூர் மண்ணும் உள்ளூர் கையும் செய்கிற கல் இது, புதிய வீடுகளுக்கும் போகிறது.

கடைசியில் காரைக்குடி. ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியே நின்று பார்த்துவிட்டு முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் பழம்பொருள் கடைகள். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், பல்லாங்குழி. கூடவே, இரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, அடுத்த வீட்டுக்குப் போக விலை கேட்டு நிற்கிறது.