பார்பிக்யூ அடுப்புக்கு மூடி வந்த கதை

அமெரிக்காவில் கோடை நெருங்கினால் ஹார்ட்வேர் கடைகளின் வாசலிலேயே கிரில் அடுப்புகளை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். மூன்று கால்களில் நிற்கும் உருண்டை கரி அடுப்பு, சக்கரம் வைத்த அலமாரி மாதிரி கேஸ் அடுப்பு, பச்சை முட்டை மாதிரி பீங்கான் அடுப்பு. வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "கரியா, கேஸா?" என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது மூடி. ஏன் என்று புரிய, இந்த அடுப்புகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கணும்.

பார்பிக்யூ என்ற சொல் கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களிடமிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. 'பார்பகோவா' என்பது அடுப்பே இல்லை, குச்சிகளால் கட்டிய ஒரு பரண். அதன்மேல் மீனையும் இறைச்சியையும் பரப்பி, கீழே தீ மூட்டி நிதானமாக வாட்டினார்கள். வர்ஜீனியா, கரோலினா பக்கம் வந்தபோது பரண் போய்ப் பள்ளம் வந்தது. நீளமாகக் குழி வெட்டி, கட்டைகளை எரித்துத் தணலாக்கி, முழுப் பன்றியை மேலே கிடத்துவார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் 1769 மே மாத நாட்குறிப்பில், அலெக்சாண்ட்ரியாவில் ஒரு பார்பிக்யூவுக்குப் போய் ராத்திரி அங்கேயே தங்கியதாக ஒரு வரி இருக்கிறது. அந்தக் காலத்து தென்மாநில விருந்துகளில் விடிய விடியக் கண் விழித்துத் தணல் அள்ளிப் போட்டவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். விருந்துக்கு வந்தவர்கள் பெயர் கிடைக்கிறது, சமைத்தவர்கள் பெயர் கிடைப்பது அபூர்வம்.

அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தக் கைப்பக்குவம் நகரங்களுக்கு நகர்ந்தது. 1900களின் தொடக்கத்தில் கேன்சஸ் சிட்டியில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் புகையில் வெந்த இறைச்சியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். அந்த ஊர் பார்பிக்யூவின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். அப்போதும் பார்பிக்யூ என்றால் ஊர் விருந்து அல்லது கடைச் சாப்பாடு. ஒரு குடும்பம் கொல்லைப்புறத்தில் தனியாகச் செய்கிற காரியம் இல்லை.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் கார் கம்பெனிக்கும் பங்கு உண்டு. ஃபோர்டின் மாடல் டி காரில் மரச் சட்டங்கள் நிறைய. அந்த மரத்துக்காக 1920 வாக்கில் ஹென்றி ஃபோர்டு மிச்சிகனின் அயர்ன் மவுன்டன் பகுதியில் பெரிய காட்டையே வாங்கினார். வாங்கிக் கொடுக்க உதவியவர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு, ஃபோர்டின் உறவுப் பெண்ணை மணந்தவர். மர ஆலையில் தூளும் துண்டும் மலையாகக் குவிந்தன. எதையும் வீணாக்கப் பிடிக்காத மனிதர் ஃபோர்டு. கழிவைக் கரியாக்கி, பொடித்து, மாவுப் பசை சேர்த்து, குட்டித் தலையணை மாதிரி அழுத்தி 'பிரிக்கெட்' என்று விற்க வைத்தார். விற்ற இடம் எது தெரியுமா? ஃபோர்டு கார் ஷோரூம்! 1951ல் அந்தத் தொழில் கைமாறி, கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயர் பெற்றது. இன்று அமெரிக்க மளிகைக் கடைகளில் நீல, வெள்ளைப் பையில் கிடைக்கும் கரி அதுதான்.

எரிபொருள் தயார். கொல்லைப்புறம்? அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1947ல் லாங் ஐலண்டில் லெவிட்டவுன் கட்டத் தொடங்கினார்கள். நாலே வருடத்தில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுப் புல்வெளி. ஆரம்ப ஒப்பந்தங்களிலேயே வெள்ளையர் தவிர மற்றவர்கள் குடியிருக்கக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. அதாவது, பார்பிக்யூவை வளர்த்தெடுத்த ஜனங்களுக்கு அந்தப் புல்வெளியில் இடமில்லை. 'அமெரிக்கக் குடும்ப மரபு' என்று கிரில் விளம்பரங்கள் காட்டிய ஏப்ரன் கட்டிய அப்பா, சொல்லப்போனால் அப்போதுதான் பிறந்த பாத்திரம். கிரில் வரலாறு எழுதுகிற பலர் இந்த இடத்தை ஒரே தாவலில் தாண்டிவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அந்த அப்பாவிடம் இருந்த அடுப்பு என்னவோ சுமார்தான். நம்ம குமுட்டி அடுப்பைத் தட்டையாக்கிக் கால் வைத்த மாதிரி, ஆழமில்லாத ஒரு தட்டு, மேலே கம்பி வலை. மூடி கிடையாது. காற்றடித்தால் சாம்பல் கறிமேல் பறக்கும். கொழுப்பு சொட்டினால் குப்பென்று தீ எழும்பும். வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபனுக்கும் இதே எரிச்சல். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள், கறியைக் கருக்கினால் கட்டுப்படியாகுமா? பட்டறையில் ஏரி மிதவைகளுக்கான இரும்புக் கோளங்கள் செய்துகொண்டிருந்தார்கள். 1952ல் ஒரு கோளத்தைக் குறுக்கே வெட்டினார். கீழ்ப் பாதிக்குக் கால்கள், மேல் பாதிக்குக் கைப்பிடி. முதல் தடவை மூடி போட்டதும் தீ அணைந்ததாகவும், பக்கத்து வீட்டுக்காரர் "ஓட்டை போடுங்க" என்று சொன்னதாகவும் கம்பெனி ஒரு கதை சொல்லும். நிஜமோ கற்பனையோ, விஷயம் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

பழைய கரி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பக்கவாட்டுத் துளைகளில் காற்று போனால் கங்கு சிவக்கும், போகாவிட்டால் மங்கும். கரி எவ்வளவு வேகமாக எரியும் என்பதைக் கரியின் அளவை விட உள்ளே வரும் காற்றுதான் முடிவு செய்கிறது. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை மண் பூசி மூட்டம் போடுகிறவர்களும் காற்றை அளந்துதான் விடுகிறார்கள். ஸ்டீஃபனின் அடுப்பில் கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி. மூடியிருக்கும்போது சொட்டும் கொழுப்புக்கு ஆக்சிஜன் போதாது, அதனால் தீ எகிறாது. கரியை ஒரு ஓரமாக ஒதுக்கி, கறியை மறு ஓரத்தில் வைத்தால் அடுப்பே ஓவன் ஆகிவிடும். 110 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் பிடித்து வைத்தால், பன்றித் தோள்கறியின் ஜவ்வு உருகிக் கை வைத்தாலே பிய்ந்து வரும். பள்ளத்தில் பல பேர் ராத்திரி முழுக்க மண்வெட்டியால் செய்த வேலையில் பாதியை இரண்டு துளைகள் செய்துவிட்டன.

இத்தனைக்கும் பள்ளத்து பார்பிக்யூ காணாமல் போய்விடவில்லை. 1963 டிசம்பரில் ஜெர்மன் சான்சலர் எர்ஹார்டு டெக்சாஸ் வந்தபோது, ஜனாதிபதி ஜான்சன் அவருக்கு வைத்த அரசு விருந்தே பார்பிக்யூதான். சமைத்தவர் ஃபோர்ட் வொர்த்தைச் சேர்ந்த வால்டர் ஜெட்டன்.

கேஸ் கிரில் கதை சின்னது. 1960களில் ஆர்கன்சா லூயிசியானா கேஸ் கம்பெனி போன்றவை கேஸ் கிரில்களை மும்முரமாக விற்றன. கேஸ் விற்கிறவனுக்கு அடுப்பும் விற்றால் லாபம்தானே. எரியும் கேஸின் சூட்டையும் புகையையும் வெளியேற்ற மூடியின் பின்புறம் இடைவெளி விட்டே ஆகணும். அதனால் அதில் புகை மணம் தங்காது, காற்றைப் பிடித்து வைக்கவும் முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து இருபது நிமிஷத்தில் கோழி சுட அதுதான் சரி. பச்சை முட்டை அடுப்பு ஜப்பானிய களிமண் அடுப்பின் வாரிசு. போருக்குப் பின் அமெரிக்க சிப்பாய்கள் ஊருக்கு எடுத்து வந்ததை, 1974ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் 'பிக் கிரீன் எக்' ஆக்கினார். கனம் அதிகம், விலையும் அதிகம். சூட்டைப் பிடித்து வைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஆக, கடைக்குப் போனால் பளபளப்பையும் பர்னர் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு மூடியைத் திறந்து மூடிப் பாருங்க. கேஸ் என்றால் ஒரு பக்கத்து பர்னரை அணைத்து மறுபக்கத்தை மட்டும் எரிக்கும்படி தனித்தனிக் குமிழ் இருக்கா? பற்ற வைக்கும்போது மட்டும் மூடி திறந்தே இருக்கணும். புரொப்பேன் காற்றை விடக் கனமானது, உள்ளே தேங்கிவிடும். கரி என்றால் கீழ்த் துளையின் தகடு இறுக்கமாக நகருதா, மூடி விளிம்பில் சுற்றிலும் உட்காருதா என்று பாருங்க. ஓரளவு பெரிய குடும்பத்துக்கும் 57 செ.மீ. விட்டம் போதும். சமையல் முடிந்ததும் மேலும் கீழும் துளைகளை அடைத்துவிட்டால் கரி மூச்சு முட்டித் தானே அணையும். நல்ல மூடியாக இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதிக் கரி மிஞ்சியிருக்கும்.