பேப்பர் கம்மி, வேலை அதிகம்: ஆராய்ச்சி நிதிக்கு 'விவரிப்பு சிவி' எழுதுவது எப்படி?

சாகண் ஆலை ஒன்றில் ஆறு வருடம் வெல்டிங் ரோபோக்களோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது பிரிட்டன் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கப் போறீங்களா? 'பேப்பரே இல்லையே, நம்மள யார் கண்டுக்குவாங்க' என்று சிவியை மூடி வைத்துவிடாதீர்கள்.

இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆராய்ச்சியாளரை எடைபோடக் கூடாது என்றது, 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான 'டோரா' பிரகடனம். 2019-ல் ராயல் சொசைட்டி ஒரு மாற்று சிவியை முன்வைத்தது. பிரிட்டனின் பொது நிதி அமைப்பான யுகேஆர்ஐ-யும் அந்தப் பாணிக்கு மாறியது. கேள்விகள் நான்கு: அறிவுக்கு என்ன சேர்த்தீர்கள், யாரை வளர்த்தீர்கள், ஆராய்ச்சி சமூகத்துக்கு என்ன செய்தீர்கள், வெளியுலகுக்கு என்ன பயன்?

"ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உள்ளவன்" மாதிரி வரிகளைத் தூக்கிடுங்க. எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க. பிரச்சினை, நீங்கள் செய்தது, அதனால் மாறியது, அதற்குச் சான்று - இந்த வரிசை போதும். உதாரணமாக: "வெல்டிங் குறைகளை முன்கூட்டியே கண்டறியும் முறையை உருவாக்கினேன், மூன்று லைன்களில் இன்றும் அதுதான் ஓடுகிறது. இரண்டு டிப்ளமோ பயிற்சியாளர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தேன். ஒருவர் இப்போது தனியாக ஷிஃப்ட் பார்க்கிறார்." ஒரே வேலை, இரண்டு கேள்விகளுக்குப் பதில்.

'நாங்கள் செய்தோம்' என்று எழுதுவது பணிவுதான். ஆனால் உங்கள் பங்கு எது என்று நடுவருக்குப் புரியாது. 'நான்' என்றே எழுதிவிட்டு, குழுவைப் பற்றி ஒரு வரி சேருங்கள்.

பெரிய சிக்கல், கம்பெனி ரகசியம். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க. எதை வெளியே சொல்லலாம் என்று மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் போய்க் கேட்டால் வேலைக்கு ஆகாது.